பஞ்சில் ஒட்டிய நீலம்

போன மாதம் அக்காள் மகன் பிறந்தநாளுக்கு ஒரு கல் வாங்கினேன். நிபோங் திபால் பாசார் மாலாமில் விளக்கொளியில் பளபளத்துக்கொண்டிருந்தது. உள்ளங்கை அகலத்தில் மெல்லிய வில்லை, வளையம் வளையமாக வரிகள், மயில்கழுத்து நீலம். "அகேட் கல், பிரேசில் சரக்கு, இயற்கை நிறம்" என்றார் கடைக்காரர். 35 ரிங்கிட். பேரம்கூடப் பேசவில்லை.

பையனிடம் கொடுக்கும் முன் பைராம் தோட்டத்துப் பெரியப்பாவிடம் காட்டப் போனேன். பிஸ்கெட் டின் நிறையக் கல் சேர்த்து வைத்திருப்பவர். எங்கள் குடும்பத்தில் கல் விஷயத்துக்கு அவர்தான் கோர்ட்டு. கல்லைத் திருப்பிப் பார்த்தவர், மருமகளின் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டு ஓரத்தில் தேய்த்தார். பஞ்சு நீலமானது.

"கல்லு நிஜம்தான். நிறம் யாரோ ஊத்தினது."

எரிமலைக் குழம்பு இறுகும்போது உள்ளே குமிழ்கள் தங்கிவிடும். சிலிக்கா கரைந்த நீர் அந்தப் பொந்துகளில் ஊறி, படலம் படலமாகப் படிந்து இறுகியதுதான் அகேட். இயற்கையில் பெரும்பாலும் சாம்பல், பழுப்பு, வெள்ளை, துருச் சிவப்பு. வெளிர் நீலம் அபூர்வமாக உண்டு. கண்ணைப் பறிக்கும் நீலமும் ரோஜா நிறமும் சாயப் பட்டறையில் பிறந்தவை. கல்லில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருப்பதால் சாயம் உள்ளே இறங்கும். ஜெர்மனியின் இடார்-ஓபர்ஸ்டைன் ஊர்க்காரர்கள் 19ஆம் நூற்றாண்டில் பிரேசில் கல்லை வரவழைத்து இந்தத் தொழிலைப் பெரிதாக்கினார்கள். கறுப்பு ஓனிக்ஸ் செய்யும் விதம் இன்னும் வேடிக்கை: கல்லைச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்துக் கந்தக அமிலத்தில் போடுவார்கள். உள்ளே போன சர்க்கரை கரியாகிவிடும்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. டின்னுக்குள் இருந்த சிவப்பு மணியைக் காட்டி, "இது மட்டும் பிறவிச் சிவப்பா, பெரியப்பா?" என்றேன். குஜராத்தின் காம்பே பக்கத்துச் சூதுபவளம் அது. அகேட்டின் நெருங்கிய உறவு.

அவர் சிரித்தார். "அதுவும் சுட்டதுதான்."

குஜராத்தில் மங்கலான கல்லை வெயிலில் காயவைத்து, மண்சட்டியில் அடுக்கி, சாண நெருப்பில் சுடுவது பழைய வழக்கம். கல்லில் இருக்கும் இரும்பு சூட்டில் சிவந்துவிடும். ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் ஒரே ஈமக்குழியில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் கிடைத்தன. அந்தக் கல் அந்த மண்ணில் கிடைப்பதில்லை. வடமேற்கிலிருந்து வந்தது என்பதே ஆய்வாளர் கருத்து. அங்கிருந்து கடல் தாண்டியும் மணிகள் போயின. நம் பக்கத்துப் பூஜாங் பள்ளத்தாக்கிலும் கல்மணிகள் கிடைத்திருக்கின்றன. தாய்லாந்தின் கிராபியில் 'மணிமேடு' என்றே பொருள்படும் குவான் லுக் பாட்டில், தமிழ் பிராமியில் 'பெரும்பதன் கல்' என்று பொறித்த பொன் உரைகல் ஒன்று அகப்பட்டது. ஏறத்தாழ 1,700 ஆண்டுப் பழமை. நம்மவர் ஒருவரின் கருவி!

அப்படியானால் சுட்டதற்கு ஒரு நியாயம், சாயத்துக்கு ஒரு நியாயமா? பெரியப்பாவோடு இதில் நான் முழுதாக ஒத்துப்போகவில்லை. கல்லில் இருந்ததை நெருப்பு வெளியே கொண்டுவருகிறது, சாயம் வெளியிலிருந்து வருகிறது என்பது அவர் கட்சி. என்னைக் கேட்டால் சாயமும் அழகுதான், மேசையில் வைக்கத் தாராளமாக வாங்கலாம். "சாயம் போட்டது" என்று சொல்லி, சாயக் கல்லின் விலைக்கே விற்கட்டும். என் 35 ரிங்கிட்டில் பாதி, 'இயற்கை' என்ற அந்த ஒரு வார்த்தைக்குக் கொடுத்தது.

வாங்கப் போகிறவர்கள் கல்லை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். விரிசல்களில் நிறம் திரண்டிருந்தால் சாயம். உள்ளே காற்றுக் குமிழ் தெரிந்தால் கண்ணாடி. சாதாரணக் கத்தி அகேட்டைக் கீறாது, ஆனால் கடைக்காரர் முன்னால் கத்தியை எடுக்க வேண்டாம். பஞ்சுச் சோதனையை மட்டும் நம்பிவிடாதீர்கள். இரும்பு உப்புகளால் கல்லுக்குள்ளேயே உண்டாக்கும் நீலம் பஞ்சில் ஒட்டாது.

கல்லை நடந்த கதையோடு பையனிடம் கொடுத்தேன். அவன் அன்றைக்கே அம்மாவின் நகப்பூச்சுத் திரவத்தில் பாதியைக் காலி செய்துவிட்டான். வில்லையின் ஒரு ஓரம் வெளுத்து, சாம்பல் வரிகள் தெரிகின்றன. வீட்டுக்கு வருகிறவர்களிடம் அந்த ஓரத்தைத்தான் முதலில் காட்டுகிறானாம்.