கடல் கடந்து வந்த கடை

கலூர் மைதானத்தில் ஆட்டம் நடைபெறும் நாள்களில், வைட்டிலா பேருந்து முனையத்தில் மஞ்சள் சட்டை அணிந்த இளைஞர்கள் திரள் திரளாக வந்திறங்கி மெட்ரோ ஏறுவது கொச்சிவாசிகளுக்குப் பழகிய காட்சி. இந்த ஆர்வத்தைப் பழிப்பது கட்சியின் வேலையன்று. இதை யார் விலை பேசுகிறார்கள் என்று கேட்பது கட்சியின் வேலைதான்.

ஐரோப்பியக் கால்பந்து நம் வாசலுக்கே வருவதில் என்ன குற்றம் என்று வாதிடுவோர் நம் அணிகளிலேயே உண்டு. அது உண்மையில் வந்தபோது நிகழ்ந்தது என்ன? 2018 ஜூலையில் ஸ்பெயினின் தேசிய லீக்கான லா லீகா, தன் பெயரால் கலூர் ஜவஹர்லால் நேரு மைதானத்தில் ஒரு தொடரை நடத்தியது. ஐந்து நாள்களில் மூன்றே ஆட்டங்கள். கேரளா பிளாஸ்டர்ஸ் அணி மெல்போர்ன் சிட்டியிடம் 0–6 எனவும், ஜிரோனாவிடம் 0–5 எனவும் தோற்றது. தோல்வியில் இழிவில்லை. ஆனால் வந்த இரண்டு அணிகளிலுமே சிட்டி ஃபுட்பால் குழுமம் என்ற ஒரே நிறுவனத்தின் அபுதாபிப் பணம் இருந்தது என்பதைக் கைதட்டியவர்களில் எத்தனை பேர் அறிந்திருந்தனர்? அடுத்த மாதமே இந்தியத் துணைக்கண்டத்தில் லா லீகாவின் 380 ஆட்டங்களையும் மூன்று பருவங்களுக்கு இலவசமாகக் காட்டும் உரிமை ஃபேஸ்புக்கிற்குச் சென்றது. அந்த இலவசத்துக்கான விலையை விளம்பரதாரர் தருகிறார். அவருக்கு விற்கப்படுவது பார்ப்பவரின் நேரம்.

கேரளம் வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்த அதே ஆகஸ்டில், லா லீகா தன் ஆட்டங்களை அமெரிக்காவுக்குக் கொண்டுசெல்ல ரெலவன்ட் என்ற நிறுவனத்துடன் 15 ஆண்டு ஒப்பந்தம் செய்துகொண்டது. முதலில் குறிவைக்கப்பட்டது ஜிரோனா–பார்சலோனா ஆட்டம். இடம் மயாமி, நாள் 2019 ஜனவரி 26. அது ஜிரோனாவின் சொந்த மண்ணில் நடக்கவேண்டிய ஆட்டம். கொச்சிக்குக் காட்சிப்பொருளாக வந்த அணியிடமிருந்து அதன் ஊரையே பறிக்கும் திட்டம் அது. ஆட்டக்காரர்களின் சங்கம் எதிர்த்தது. பார்சலோனா டிசம்பரில் விலகிக்கொண்டது.

மூலதனம் ஒருமுறை தோற்றால் ஓய்வதில்லை. 2025 டிசம்பர் 20 அன்று வில்லாரியல்–பார்சலோனா ஆட்டத்தை மயாமியில் நடத்துவதாக மீண்டும் அறிவித்தனர். இம்முறையும் ஆட்டக்காரர்களைக் கேட்கவில்லை. அக்டோபர் மூன்றாம் வார இறுதியில் ஸ்பெயின் முதல்நிலை லீக்கின் ஆட்டக்காரர்கள், நடுவர் ஊதல் ஒலித்த பின்னும் 15 நொடிகள் அசையாமல் நின்றனர். ஒவியேதோ–எஸ்பான்யோல் ஆட்டத்தின்போது ஒளிபரப்பு அந்த நொடிகளைக் காட்டாமல் மைதானத்தின் வெளிப்புறத்தைக் காட்டியது. உலகெங்கும் ஆட்டத்தைக் கொண்டுசேர்க்கிறோம் என்போர், பதினைந்து நொடிகளை உலகிடமிருந்து மறைத்தனர்! அக்டோபர் 21 அன்று மயாமித் திட்டம் கைவிடப்பட்டது.

கோடிகளில் புரளும் ஆட்டக்காரரைத் தொழிலாளி என்று அழைப்பதா என்று சிலர் நகைக்கலாம். எல்லா ஆட்டக்காரரும் கோடிகளில் புரள்வதில்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும். தன் உழைப்பு எந்த ஊரில், எவர் கட்டளைப்படி செலவிடப்படவேண்டும் என்பதில் உழைப்பவருக்குக் குரல் உண்டா என்பதே அங்கே எழுந்த கேள்வி. அது துறைமுகத் தொழிலாளிக்கும் உரிய கேள்வி.

இந்தியாவில் நிலை இதனினும் கொடிது. 2010-இல் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் தன் வணிக உரிமைகளை ரிலையன்ஸ் கூட்டணிக்கு 15 ஆண்டுகளுக்கு எழுதிக்கொடுத்தது. அந்த ஒப்பந்தம் முடியும் தறுவாயில், 2025 ஜூலையில் ஐ.எஸ்.எல். தொடரே நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் பெங்களூரு அணி ஊதியத்தை நிறுத்தியது. சம்மேளனம் கோரிய ஒப்பந்தப்புள்ளிக்கு நவம்பரில் ஒருவரும் விலை கேட்கவில்லை. 2019-இல் மும்பை சிட்டியின் 65 விழுக்காட்டுப் பங்கை வாங்கிய அதே சிட்டி குழுமம், 2025 டிசம்பரில் அதைக் கைகழுவிச் சென்றது. சந்தை விரியும் என்று நம்பி வந்தவர்கள், விரியவில்லை என்றதும் புறப்பட்டுவிட்டனர். ஸ்பெயினில் ஆட்டக்காரர்கள் ஆட்டத்தை நிறுத்தி வென்றனர். இங்கோ நிறுத்துவதற்கு ஆட்டமே இல்லாமற்போயிற்று.

கேரளத்தின் இடது ஜனநாயக முன்னணி அரசும் இம்மயக்கத்திலிருந்து முற்றாகத் தப்பவில்லை என்பதைத் தோழமையுடன் சொல்லியாக வேண்டும். 2025 நவம்பரில் அர்ஜென்டினா அணி கொச்சிக்கு வருமென்று பெரிதாகப் பேசப்பட்டது. அணி வரவில்லை. அந்தக் காத்திருப்புக்குச் செலவான பேச்சில் ஒரு பங்கேனும் ஊதியம் நின்றுபோன ஆட்டக்காரருக்காகச் செலவாகியிருக்கலாம்.

கலூர் மைதானம் எந்த முதலாளிக்கும் சொந்தமன்று. விசால கொச்சி வளர்ச்சி ஆணையத்தின் பொதுச்சொத்து அது. அங்கே ஆட வரும் எந்த அணியும், உள்நாட்டதோ வெளிநாட்டதோ, ஆட்டக்காரருக்கும் மைதானப் பணியாளருக்கும் ஊதிய பாக்கி வைக்கக் கூடாது என்ற நிபந்தனையை வாடகை ஒப்பந்தத்தில் எழுதுவதற்குப் பன்னாட்டு மூலதனத்தின் அனுமதி எதுவும் தேவையில்லை.