பழைய சேலைத் துண்டு

குடத்தின் வாயில் பழைய சேலைத் துண்டை மடித்துக் கட்டித்தான் அம்மம்மா தண்ணீர் ஊற்றுவார். "தூசி போகும், கிருமி போகுமா?" என்று பள்ளிக்கூடத்தில் படித்த தைரியத்தில் வாதாடியிருக்கிறேன். அரைவாசி நான்தான் பிழை.

கொலராவைத் தரும் பற்றீரியா மனிதக் குடலில் மட்டும் வாழ்வதில்லை. ஆறு கடலோடு கலக்கும் உவர்நீர்தான் அதன் சொந்த இடம். அங்கே நீரில் மிதக்கும் மிகச்சிறிய உயிரினங்களின் உடலில் கூட்டங்கூட்டமாக ஒட்டிக்கொள்கிறது. தனிப் பற்றீரியா துணிக்குள்ளால் போய்விடும். ஆனால் அது ஏறியிருக்கும் அந்த உயிரினம் துணியில் தங்கிவிடும்.

அமெரிக்க விஞ்ஞானி ரீட்டா கோல்வெல்லும் குழுவினரும் பங்களாதேஷின் மத்லாப் பகுதிக் கிராமங்களில் இதைச் சோதித்தார்கள். பெண்கள் பருத்திச் சேலையைக் குறைந்தது நாலு மடிப்பாக்கிக் குடத்தில் கட்டினார்கள். கொலரா 48 சதவீதம் குறைந்ததாக 2003இல் அறிவித்தார்கள். புதுச் சேலை அவ்வளவு உதவாதாம். துவைத்துத் துவைத்து நூல் தளர்ந்து இடைவெளி சுருங்கியதே நல்லது. அப்படியான சேலைக்கு எங்கள் அலுமாரிகளில் பஞ்சமா?

ஆனால் சகோதரிகளே, துணி நோயைக் குறைக்குமே தவிர ஒழிக்காது. அங்கே தண்ணீரைக் கொதிக்க வைக்க விறகுக்கே வழியில்லாத வீடுகளுக்காகத்தான் இந்த முறையைத் தேடினார்கள். அடுப்பெரிக்க முடிந்த நாங்கள் கொதித்தாறிய நீரையே குடிக்கவேண்டும். வெள்ளத்தில் கிணறு கலங்கினால் முதலில் துணியால் வடித்து, பிறகு நன்றாகக் கொதிக்க வையுங்கள். வடித்த துணியை ஒவ்வொரு தடவையும் அலசி, வெயிலில் காயப்போடுங்கள்.