கூலி எங்கே?

ஏரியிலே மண் வெட்டியாகிவிட்டது. கூடையிலே சுமந்து கரையிலே கொட்டியாகிவிட்டது. வேலை முடிந்தது, கூலி எங்கே? ஊராட்சி அலுவலகத்திலே கேட்டால், “எழுதி அனுப்பிவிட்டோம்” என்கிறார்கள். வங்கியிலே கேட்டால், “இன்னும் ஏறவில்லை” என்கிறார்கள். எழுதியாகிவிட்டது, ஏறவில்லை! இடைவழியிலே அந்தப் பணத்தை மறித்து வைத்தவர் யார்?

நாம் கேட்பது பிச்சையல்ல, உழைத்த கூலி. சலுகையல்ல, சட்டம் தந்த உரிமை. நூறு நாள் வேலைக்காக 2005-ல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், கூலியை வாரந்தோறும் தரவேண்டும், எப்படியும் பதினைந்து நாளைத் தாண்டக்கூடாது என்றது. தாண்டினால், பதினாறாம் நாள் தொட்டு நாளொன்றுக்கு 0.05 விழுக்காடு ஈட்டுத் தொகை என்றும் விதி செய்தனர்.

ஏட்டிலே நல்ல விதிதான். நாட்டிலே நடந்தது என்ன? வருகைப் பட்டியலை முடித்து, வேலையை அளந்து, பணம் போடுவதற்கான ஆணையை அனுப்புவது மாநிலத்தின் வேலை. அந்த ஆணைப்படி உழைத்தவர் கணக்கிலே கூலியைச் சேர்ப்பது மத்திய சர்க்காரின் வேலை. தாமதக் கணக்கோ, ஆணை புறப்பட்ட அன்றோடு நின்றுவிட்டது! அதன்பின் டில்லியிலே பணம் பத்து நாள் உறங்கினாலும் பத்து வாரம் உறங்கினாலும், ஏட்டின்படி தாமதமே இல்லை. ஓடுகிற கடிகாரத்தைப் பாதி வழியிலே நிறுத்திவிட்டு, “பாரீர், நேரம் தவறவில்லை” என்பதா நிர்வாகம்?

நீதி கேட்டு வழக்கு மன்றம் சென்றனர். 2018 மே 18-ல் உச்ச நீதிமன்றம், மத்திய சர்க்கார் இந்தப் பொறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தது, தீர்வு வந்ததா? 2025 ஜனவரியில், தமிழக முதலமைச்சராக மு. க. ஸ்டாலின் பிரதமருக்கு எழுதிய கடிதத்தில், கூலி பாக்கி 1,056 கோடி ரூபாய் என்று சுட்டிக்காட்ட நேர்ந்தது. முந்திய நவம்பரிலிருந்து நின்றுபோன கூலி அது. பொங்கற் பானை பொங்க வேண்டிய நேரத்திலே வராத கூலி!

2024-25-ல் தமிழகத்திலே நாட்கூலி 319 ரூபாய். ஆறு நாள் உழைப்புக்கு 1,914. அது அறுபது நாள் தாமதமானால், விதிப்படி சேரவேண்டிய ஈட்டுத் தொகை 57 ரூபாய் சொச்சம். “இது ஒரு தொகையா?” என்று மாடியிலே இருப்போர் கேட்கலாம். மளிகைக் கடையிலே கடன் சொல்லி நிற்கிறாளே தாய், அவளைக் கேளுங்கள், அது தொகையா இல்லையா என்று! தவிரவும், தவறு நடந்தது என்பதற்குச் சர்க்காரே கையெழுத்திட்டுத் தரும் ஒப்புதலல்லவா அந்தப் பணம்? அதனால்தான் கணக்கைப் பாதியிலே நிறுத்தினார்கள்.

பழி முழுவதையும் டில்லியின் தலையிலே சுமத்திவிட்டு நாம் ஓய்ந்துவிடுவதற்கில்லை. அளவெடுக்க ஆள் வராததும், ஆதாரிலே ஒரு பெயர், வங்கியிலே ஒரு பெயர் என்று திருத்தாமல் விட்டதும் நமது ஊரிலே நடக்கும் தாமதங்கள். 2024 ஜனவரி முதல் ஆதார் வழியேதான் கூலி என்று ஆக்கியபின், ஓர் எழுத்துப் பிழையும் ஒரு குடும்பத்தின் அடுப்பை அணைக்கப் போதுமானதாயிற்று.

2025 டிசம்பரிலே பழைய சட்டத்திற்குப் பதிலாக வேறொன்று இயற்றினர். நூறு நாள் 125 நாளாம். செலவிலே நூற்றுக்கு நாற்பது பெரும்பாலான மாநிலங்களின் தோளிலாம். நாள் கூடட்டும், வரவேற்போம். ஆனால் உழைத்த நாளுக்கே கூலி வராதபோது, கூட்டிய நாளால் கூடுவது பாக்கிதானே?

ஆகவே கேட்கிறோம்: தாமதக் கணக்கு, உழைத்தவர் கணக்கிலே பணம் ஏறும் நாள்வரை ஓடட்டும். ஈட்டுத் தொகை, மனு இல்லாமல், கூலியோடு சேர்ந்தே வரட்டும். தாமதம் எந்த அலுவலகத்திலே என்பதை ஊராட்சிச் சுவரிலே தமிழிலே எழுதி ஒட்டட்டும்.

தோழர்களே! உங்கள் ஊரிலே வேலை முடிந்த நாளையும் கூலி ஏறிய நாளையும் ஒரு நோட்டிலே குறித்து வையுங்கள். அவர்கள் நிறுத்திய கணக்கை நாம் தொடர்வோம். நாள் தவறாமல் உழைத்தவர்க்கு, நாள் தவறாமல் கூலி வரும்வரை தொடர்வோம்!