அந்த ஒரு வரியை ரெஸ்யூமேல வைக்கலாமா?

பிளேஸ்மெண்ட் சீசன் வந்தாச்சு. ஹாஸ்டல்ல எல்லார் கையிலயும் ரெஸ்யூமே. போன வாரம் என் ரூம்மேட் என்னோடதை வாங்கிப் பார்த்துட்டு, "மச்சி, எக்ஸ்ட்ரா கரிகுலர் காலியா கிடக்கேடா. நீ ஸ்கவுட்ல ராஜ்ய புரஸ்கார் வாங்கினவன்தானே? அதைப் போடு" என்றான். போட்டேன். அரை மணி நேரத்துல எடுத்துட்டேன். ஏன்டான்னு கேட்டான். அப்போ சும்மா சிரிச்சு மழுப்பிட்டேன், இப்போ சொல்றேன்.

நான் படிச்சது ஒரு அரசு உதவி பெறும் ஆண்கள் மேல்நிலைப் பள்ளி. ஆண்கள் பள்ளியில படிச்சவங்களுக்குத் தெரியும், அங்கே ஒருத்தனோட மதிப்பு ரெண்டே இடத்துலதான் முடிவாகும். ஒன்னு ரேங்க் கார்டு, இன்னொன்னு கிரவுண்டு. ரெண்டுலயுமே நான் சுமார். கபடிக்கு ஆள் பிரிக்கும்போது கடைசியா மிஞ்சி நிப்பேன். "பரவாயில்லடா, இவனை நீயே வெச்சுக்கோ"ன்னு ரெண்டு கேப்டனும் பெருந்தன்மையா விட்டுக்கொடுப்பாங்க பாருங்க, அந்த ஆள் நான்தான். பி.டி. பீரியட்ல டீம் பசங்க பத்துப் பன்னிரண்டு பேர் ஆடுவாங்க. மிச்சம் இருக்கிற முப்பது பேர் வேப்பமரத்தடியில உட்கார்ந்து கதை பேசுவோம். பத்தாவது வந்ததும் அந்த மரத்தடியும் போச்சு, மேத்ஸ் சார் அந்தப் பீரியடை எடுத்துக்கிட்டார்.

கிரவுண்டுல எனக்குன்னு ஒரு வேலை கிடைச்சது ஒரே ஒரு தடவைதான். எட்டாவது படிக்கும்போது விளையாட்டு விழாவுக்கு ரெண்டு நாள் முன்னாடி பி.டி. சார் என்னைக் கூப்பிட்டு ஒரு பக்கெட் சுண்ணாம்பையும் டேப்பையும் கொடுத்தார். 200 மீட்டர் டிராக் போடணும். ஒரு முழுச் சுத்து ஓடுற ரேஸ்ல வெளி லேன்ல நிக்கிறவன் எவ்வளவு முன்னாடி நிக்கணும்னு கேட்டார். நான் கிரவுண்டோட அளவைக் கேட்டேன். "அது எதுக்குடா? லேன் அகலம் 1.22 மீட்டர். அதை ரெண்டு பையால பெருக்கு, போதும்" என்றார். பெருக்கினா ஏறத்தாழ 7.66 மீட்டர். கிரவுண்டு பெருசோ சின்னதோ, அரைவட்டத்தோட ஆரம் கணக்குலயே வராம அடிபட்டுப் போயிடும். முதல் லேனை உள்விளிம்புல இருந்து 30 செ.மீ. தள்ளியும் மத்த லேன்களை 20 செ.மீ. தள்ளியும் அளக்கிறதால, முதல் ரெண்டு லேனுக்கு நடுவுல மட்டும் அது 7.04 மீட்டர். வெயில்ல மண்டை காய குனிஞ்சு குனிஞ்சு கோடு போட்டேன். ரேஸ் அன்னிக்கு எட்டாம் லேன்ல நின்ன பையன், "என்ன சார், இவன் என்னை இவ்ளோ முன்னாடி நிறுத்துறான்?"னு சந்தேகமா கேட்டான். சார் என்னைக் கைகாட்டி, "அவன் அளந்தா சரியாத்தான் இருக்கும்" என்றார். செமஸ்டர்ல எவ்வளவோ ஃபார்முலா மறந்துட்டேன். இது மறக்கலை.

ஆறாவதுலயே சாரணர்ல சேர்ந்திருந்தேன். கொள்கையெல்லாம் கிடையாது. சனிக்கிழமை மீட்டிங் முடிஞ்சா சுண்டல் தருவாங்க, அவ்வளவுதான். ஆனா போகப் போகப் பிடிச்சுப் போச்சு. ஏழெட்டுப் பேர் சேர்ந்தா ஒரு அணி. எங்களுக்குப் புலி அணின்னு பேர் (அந்த உருவத்துக்குப் புலின்னு வீட்ல சிரிச்சாங்க). யாரையும் கடைசியா மிச்சம் வைக்க முடியாது, ஏன்னா கூடாரம் நிக்கணும்னா எட்டு பேரும் வேணும். ஒருத்தன் கம்பைப் பிடிக்கணும், ஒருத்தன் கயித்தை இழுக்கணும், ஒருத்தன் முளை அடிக்கணும். கேம்ப்ல சமையலும் நாங்களேதான். வீட்ல தட்டைக்கூட எடுத்து வைக்காத ஆம்பளப் பசங்க விறகடுப்புல சாம்பார் வெச்சோம், அண்டா தேய்ச்சோம். வீட்டுக்கு வந்து நான் பாத்திரம் கழுவினதைப் பார்த்து அம்மா பயந்துபோய் நெத்தியைத் தொட்டுப் பார்த்தாங்க.

ரெண்டு வருஷம் கழிச்சு அந்தச் சாரண ஆசிரியர் ஓய்வு பெற்றார். அதுக்கப்புறம் பள்ளியில பேச்சே மாறிடுச்சு. இந்த வருஷம் எத்தனை ராஜ்ய புரஸ்கார்? பக்கத்து ஸ்கூல்ல எத்தனை? ஆளுநர் கையெழுத்து போட்ட சான்றிதழ், வாங்கினா போட்டோவோட நோட்டீஸ் போர்டுல வரும். இங்கதான் என் பங்கும் வருது. நான் அணித்தலைவன், கையெழுத்து வேற நல்லா இருக்கும். போகாத நடைப்பயணத்துக்கு அறிக்கை எழுதினேன். கூகுள் மேப்ஸைப் பார்த்துப் பாதை வரைஞ்சேன், வழியில ஒரு ஆலமரத்தைக்கூட நானே நட்டேன். எனக்கு மட்டும் இல்லை, எட்டு பேருக்கும் லாக் புக் எழுதிக் கொடுத்தேன். ஒரே மாதிரி இருக்கக் கூடாதுன்னு ஒருத்தனுக்கு மழை பெய்ய வெச்சேன், இன்னொருத்தனுக்குக் கால்ல முள்ளு குத்த வெச்சேன். எல்லாத்துலயும் கையெழுத்து விழுந்துச்சு. டெஸ்டிங் கேம்ப்ல ரீஃப் நாட் கேட்டாங்க, போட்டேன். போலைன் கேட்கலை. தெரிஞ்சிருக்கவும் இல்லை.

இந்த இயக்கத்தோட கதையை ரொம்பப் பின்னாடிதான் படிச்சேன். 1907 ஆகஸ்ட்ல இங்கிலாந்துல பிரவுன்சீ தீவுல பேடன் பவல் ஒரு முகாம் நடத்தினார். சுமார் இருபது பையன்கள். பாதிப் பேர் ஈட்டன், ஹாரோ மாதிரி பணக்காரப் பள்ளிக்காரங்க, பாதிப் பேர் சாதாரணத் தொழிலாளி வீட்டுப் பசங்க. நாலு அணியா கலந்து பிரிச்சார். 1909-ல் அது இந்தியாவுக்கு வந்தப்போ, இங்க இருந்த வெள்ளைக்காரப் பையன்களுக்கு மட்டும்தான். நம்ம பசங்களுக்கு இடம் கிடையாது. அதுக்காகவே அன்னி பெசன்ட்டும் அருண்டேலும் சென்னையில தனியா ஒரு சாரணர் அமைப்பை ஆரம்பிச்சாங்க. தொப்பிக்குப் பதிலா தலைப்பாகை. 1921-ல் பேடன் பவல் இந்தியா வந்தபோது அந்த அமைப்பு பொது இயக்கத்தோட சேர்ந்தது. இன்னிக்கு இருக்கிற பாரத் சாரண சாரணியர் இயக்கம் 1950 நவம்பர் 7-ல் உருவானது. இத்தனை பேர் முட்டி மோதி வாங்கின இடத்துல உட்கார்ந்துதான் நான் இல்லாத ஆலமரத்தை வரைஞ்சிருக்கேன்.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். லீவுக்குப் பள்ளிக்கரணையில வீட்டுக்கு வந்திருந்தேன். கீழ்வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி, கரண்ட் இல்லை. மறுநாள் மீனவர் அண்ணன்கள் ஃபைபர் படகோட தெருவுக்குள்ள வந்தாங்க. கீழ்வீட்டு ஆயா எங்க வீட்டு மாடிப்படியிலதான் இருந்தாங்க. படியில இருந்து படகுக்கு இறக்கும்போது வழுக்கிடக் கூடாதுன்னு அவங்க இடுப்புல கயிறு கட்டச் சொன்னாங்க. நான்தான் முந்திக்கிட்டுப் போய்க் கட்டினேன். ஒரு இழு இழுத்ததும் ஆயா "ஐயோ"ன்னாங்க. படகுல இருந்தவர் கத்தினார்: "தம்பி, அது இறுகுற சுருக்கு, முதல்ல கழட்டு!" அவரே தண்ணியில இறங்கி வந்து, ஒத்தக் கையால ஆயாவைப் பிடிச்சுக்கிட்டே இன்னொரு கையால முடிச்சைப் போட்டார். எவ்வளவு இழுத்தாலும் இறுகாத வளையம். அதுதான் போலைன்னு அப்புறம் யூடியூப்ல பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டேன். "காலேஜா தம்பி?"ன்னு கேட்டார். "ஆமாண்ணே"ன்னேன். சாரணர்னு சொல்ல வாய் வரலை.

சான்றிதழே வேண்டாம்னு நான் சொல்லலை. எங்க பள்ளி வாலிபால் டீம்ல ஆடின ஒருத்தன் ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல இன்ஜினியரிங் சீட் வாங்கினான். அந்தப் பேப்பர் இல்லைன்னா அவன் இன்னிக்கு அவங்கப்பாவோட லோடு ஏத்திக்கிட்டு இருப்பான். ஆனா அவன் சான்றிதழுக்குப் பின்னாடி மேட்ச் இருக்கு. பந்து நெட்டைத் தாண்டணும், எதிர்ப்பக்கம் ஆறு பேர் நிப்பாங்க, லாக் புக்ல எழுதி ஜெயிக்க முடியாது. எங்களோடது அப்படி இல்லை. கையெழுத்து போடுறவர் கண்ணை மூடிக்கிட்டா மூணு வருஷத்தை மூணு ராத்திரியில எழுதிடலாம். எழுதியிருக்கோம்.

என் ஆத்திரம் இதுல மட்டும் இல்லை. ஓடத் தெரிஞ்சவனுக்குக் கிரவுண்டு எப்படியும் கிடைச்சிடும். மரத்தடியில உட்கார்ந்த முப்பது பேருக்குத்தான் பி.டி. பீரியடும் சாரணரும் தேவை. முதல்ல பறிபோறதும் அவங்களோடதுதான். டீம் பசங்க சாயங்காலம் பிராக்டிஸ்க்கு வருவாங்க, பீரியட் போனா அவங்களுக்குப் பெரிய நஷ்டம் இல்லை. எனக்குப் போன ஒரு பீரியட் திரும்ப வரவே இல்லை.

காலேஜ்ல மட்டும் என்ன வாழுதாம்? முதல் வருஷம் என்.எஸ்.எஸ்., என்.சி.சி., என்.எஸ்.ஓ., ஒய்.ஆர்.சி.ன்னு நாலுல ஒன்னு எடுத்தோம். மனசுல கை வெச்சுச் சொல்லுங்க, அதுல எத்தனை மணி நேரம் நிஜமா செஞ்சோம், எத்தனை மணி நேரம் அட்டெண்டன்ஸ் ஷீட்ல மட்டும் செஞ்சோம்? ஜூனியர்ஸ், இந்த வருஷம் உங்களுக்கும் அதே ஷீட் வரும். போகாத கேம்ப்புக்குக் கையெழுத்து போடச் சொன்னா, "சார், கேம்ப் எப்போ?"ன்னு ஒரே ஒரு தடவை கேட்டுப் பாருங்க. திட்டு விழலாம். எங்க செட்டுல யாரும் கேட்கலை, நானும் கேட்கலை.

ரெஸ்யூமே விஷயத்துக்கு வரேன். ராஜ்ய புரஸ்கார் வரி போயிடுச்சு. அந்த இடத்துல "200 மீட்டர் ஓடுதளம் அளந்து வரையத் தெரியும்"னு போட்டிருக்கேன். ரூம்மேட் விழுந்து விழுந்து சிரிக்கிறான். இன்டர்வியூல கேட்டா பேப்பர்ல போட்டுக் காட்டுவேன்.

போலைன் இப்போ எனக்கு வரும், ரெண்டு கையால. ஒத்தக் கையால இன்னும் சரியா வரலை. சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு பாஸ்கெட்பால் கோர்ட்டுக்குப் பின்னாடி இருப்பேன். வர்றவங்க ரெண்டு மீட்டர் கயிறு எடுத்துட்டு வாங்க. அட்டெண்டன்ஸ் கிடையாது. சுண்டல் உண்டு.