முத்தக் காட்சி இல்லாவிட்டால் குடும்பப் படமா?



பாடசாலை லீவு விட்டாச்சு. "சேர், பிள்ளைகளோட இருந்து பார்க்கிற மாதிரி நல்ல கல்யாணப் படம் ஒண்டு ரெண்டு சொல்லுங்க" என்று சில பெற்றோர் கேட்டிருந்தார்கள். படமே கூடாது என்கிற சகோதரர்களோடு வாதாட நான் வரவில்லை. பார்க்கிற வீடுகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நம்மிடம் இருப்பது ஒரே ஒரு அளவுகோல். முத்தம் இருக்கா, உடுப்பு எப்படி? வாப்பா ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு காவல் இருப்பார். அது பிழையில்லை, நானும் அப்படித்தான். ஆனால் அந்தக் காவலோடு எங்கள் வேலை முடிந்துவிட்டதாக நினைக்கிறோமே, அதுதான் எனக்குக் கவலை.

1994 இல் வந்த 'ஹம் ஆப்கே ஹைன் கோன்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சல்மான் கானும் மாதுரி தீட்சித்தும் நடித்தது. மூன்று மணித்தியாலத்துக்கு மேல் ஓடும், 14 பாட்டு. கல்யாணம், வளைகாப்பு, மாப்பிள்ளையின் செருப்பை ஒளித்து வைத்துக் காசு கேட்கிற விளையாட்டு என்று வீடு நிறையச் சிரிப்பு. நம்மட அளவுகோலுக்கு நூற்றுக்கு நூறு. உம்மாமாரும் இருந்து பார்க்கலாம்.

அந்தக் கதையில் என்ன நடக்கிறது? மாதுரியின் அக்கா பூஜா படிக்கட்டில் விழுந்து இறந்துவிடுகிறாள். கைக்குழந்தை தனித்துப் போகிறது. அந்தக் குழந்தைக்காகத் தங்கை நிஷாவை அக்காவின் கணவருக்கே முடித்துவைக்கப் பெரியவர்கள் தீர்மானிக்கிறார்கள். அவளோ மாப்பிள்ளை தன் மனதில் இருக்கிற பிரேம்தான் என்று நினைத்துத் தலையாட்டுகிறாள். ஆள் வேறு என்று தெரியவந்த பிறகும் வாய் திறக்கவில்லை. கடைசியில் உண்மையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது யார் தெரியுமா? வீட்டு நாய். அவள் பிரேமுக்கு எழுதிய கடிதத்தை அது ஆள் மாறிக் கொண்டுபோய்க் கொடுத்ததால்தான் கல்யாணம் நின்றது. வீடு நிறைய அன்பான பெரியவர்கள் இருந்தும், அந்தப் பிள்ளையின் மனது வெளியே வர ஒரு நாய் தேவைப்பட்டது.

இந்த இடத்தில் யாரும் ரிமோட்டை அமர்த்துவதில்லை.

நம்மட மார்க்கத்தில் கன்னிப்பெண்ணிடம் சம்மதம் கேட்கவேண்டும், வெட்கத்தில் பேசாமலிருந்தால் அந்த மௌனம் சம்மதம் என்று இருக்கிறது. நாம் இரண்டாவது பாதியை மட்டும் நன்றாகப் பாடமாக்கி வைத்திருக்கிறோம். கேட்கவே இல்லையென்றால் மௌனம் எதற்குப் பதில்? 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தில் மணமகள் ஒப்பமிடுவதற்கு இடம் வைக்கவில்லை. வலி ஒப்பமிட்டால் காவின் முடிந்தது. க.பொ.த. சாதாரண தரத்துக்கு விண்ணப்பிக்க என் மாணவி தானே ஒப்பமிடுகிறாள். அவளுடைய கல்யாணத்துக்கு அது வேண்டாமாம்.

இனி இன்னொரு படம். 'மை பிக் ஃபேட் கிரீக் வெடிங்', 2002. சிக்காகோவில் சாப்பாட்டுக் கடை நடத்துகிற கிரேக்கக் குடும்பம். மகள் டூலாவுக்கு 30 வயது, இன்னும் கல்யாணமாகவில்லை. வீட்டில் அதே பேச்சுத்தான். சாச்சி, மாமி, மச்சான், மச்சி என்று எங்கு திரும்பினாலும் சொந்தம், எல்லோருக்கும் ஒரு அபிப்பிராயம். நம்மட ஊரை யாரோ ஒளிந்திருந்து படமெடுத்த மாதிரி இருக்கும். வாப்பா கஸ், எந்த வருத்தத்துக்கும் கண்ணாடி துடைக்கிற மருந்தை அடித்தால் சுகமாகும் என்று நம்புகிறவர். (நம்மட வீடுகளில் சித்தாலேப்பை இருக்கிற மாதிரி.) இதில் முத்தமும் கலியாணத்துக்கு முந்திய பழக்கமும் இருக்கின்றன. அதை மறைக்கவில்லை. நீங்கள் முதலில் தனியாகப் பார்த்து, பிள்ளையின் வயதுக்குத் தக்கபடி முடிவெடுங்கள்.

ஆனால் டூலா பேசுகிறாள். படிக்கப் போகவேண்டும் என்கிறாள், இவரைத்தான் முடிப்பேன் என்கிறாள். வாப்பா கோபிக்கிறார், முகத்தைத் தூக்கி வைக்கிறார், பிறகு இறங்கி வருகிறார். மகள் வாய் திறந்ததால் அந்தக் குடும்பம் உடைந்து போகவில்லை.

கல்யாண வீட்டில் வாப்பா மகளுக்கு ஒரு வீடு பரிசளிக்கிறார். அதுவும் தங்கள் வீட்டுக்குப் பக்கத்து வீடு! கிழக்கில் இருக்கிற நமக்கு இதைப் பார்த்ததும் சிரிப்பு வரும், "இது நம்மட வழக்கமாச்சே" என்று. மாப்பிள்ளை இயன் ஒரு ஆசிரியர், என் தொழில்தான். அவர் வீடு கேட்கவில்லை. அப்படி ஒன்று வரும் என்றும் அவருக்குத் தெரியாது. நம்மட பக்கத்தில் ஒரு ஆசிரிய நியமனம் கிடைத்தால் அடுத்த கிழமையே வீடு எத்தனை அறை, மாபிளா டைல்ஸா என்று பேச்சு ஆரம்பிக்கும்.

பெண்ணுக்கு வீடு கொடுப்பதே கூடாது என்று நான் சொல்லவரவில்லை. உறுதி அவள் பெயரில் இருந்தால், நாளைக்கு ஒரு கஷ்டம் வந்தாலும் பிள்ளைகளோடு தெருவில் நிற்கமாட்டாள். அந்தப் பாதுகாப்பை லேசாகத் தூக்கியெறிய முடியாது. ஆனால் கஸ் கொடுத்தது பரிசு, நாம் கொடுப்பது நுழைவுக் கட்டணம். இரண்டு மகள்மாருக்கு இரண்டு வீடு கட்டுவதற்காகக் கத்தாரிலும் சவூதியிலும் பாதி ஆயுளைக் கழித்த வாப்பாமார் எத்தனை பேர்! சுவர் எழும்பவில்லை என்பதற்காக முப்பது தாண்டியும் காத்திருக்கிற ராத்தாமாரையும் எங்களுக்குத் தெரியும். டூலாவுக்காவது அந்தக் காரணம் இருக்கவில்லை.

ஆகவே கேட்டவர்களுக்கு என் பதில்: இரண்டையும் பாருங்கள். நிஷா தலையாட்டுகிற இடத்தில் படத்தை நிறுத்தி, "இவளுக்குப் பதிலாக நீ இருந்தால் யாரிடம் சொல்லியிருப்பாய்?" என்று மகளிடம் கேளுங்கள். அவள் உங்கள் பெயரைச் சொல்லாவிட்டால் கோபிக்கவேண்டாம். கஸ் வீட்டைக் கொடுக்கிற இடத்தில் மகனைப் பிடியுங்கள். கல்யாணப் படம் பொம்பிளைப் பிள்ளைகளுக்கு என்று அவன் போனோடு அறைக்குள் போயிருப்பான். கூப்பிட்டு இருத்துங்கள். உம்மா அவனுக்காக இப்போதே எத்தனை அறை என்று கணக்குப் போட்டு வைத்திருந்தால், அந்தப் பேச்சையும் அன்றைக்கே பேசி முடிக்கலாம்.