அளவு நாடா

ஆள் பாதி, ஆடை பாதி என்பார்கள். முதல் வருடம் நான் பாலிடெக்னிக் வாசலை மிதித்தபோது எனக்கு ஆடைதான் முக்கால்வாசி!

மினி டிராஃப்டர் வாங்க அப்பா கொடுத்த பணத்தோடு ஊரப்பாக்கத்தில் ரயில் ஏறினேன். இறங்கியது மாம்பலத்தில். ரங்கநாதன் தெருவில் காலோடு ஒட்டும் ஒரு ஜீன்ஸும், ஏதோ படத்தில் ஹீரோ போட்டிருந்த மாதிரி ஒரு பளபளச் சட்டையும் வாங்கிக்கொண்டு திரும்பினேன். டிராஃப்டர் அந்த செமஸ்டர் முழுக்க இரவல்தான். அப்பா மறைமலை நகரில் கான்ட்ராக்ட் வேலை பார்ப்பவர். "டிராஃப்டர் நல்லா இருக்காப்பா?" என்று ஒருநாள் கேட்டார். "இருக்குப்பா" என்றேன். இதை இன்றுதான் வெளியே சொல்கிறேன்.

அந்தச் சட்டைக்கு ஆயுசு நான்கு மாதம். வெல்டிங் ஷாப்பில் காக்கி போடாமல் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தேன். ஒரு பொறி பறந்து வந்து கையில் விழுந்தது. துணி எரியவில்லை, உருகித் தோலோடு ஒட்டிக்கொண்டது. "பாலியஸ்டர்டா தம்பி! பருத்தியா இருந்தா கருகிட்டுப் போயிருக்கும்" என்று திட்டிக்கொண்டே தண்ணீர் ஊற்றினார் இன்ஸ்ட்ரக்டர். பாலியஸ்டர் சுமார் 260 டிகிரியில் உருகிவிடும். வெல்டிங் பொறியோ உருகிய இரும்பு, 1500 டிகிரிக்குப் பக்கம். தழும்பு இன்னும் இருக்கிறது.

நண்பர்களே, நாம் கேலி செய்யும் அந்தக் காக்கியைக் கொஞ்சம் பாருங்கள். லேத் சக்கில் சிக்காமலிருக்க இறுகிய கை, தொங்கும் நுனி எதுவும் கிடையாது, பருத்தித் துணி. ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. 'ஸ்டைல்' என்பதும் அப்படிக் காரணத்தோடு இருக்க வேண்டும் என்பது என் கட்சி. ஜீன்ஸ் கூடாது என்று நான் சொல்லவில்லை (நானும் போடுகிறேன், கொஞ்சம் தளர்வாக!). ஆனால் சித்திரை வெயிலில் செங்கல்பட்டு வண்டியில் நின்று போகிறவனுக்கு எது சரி என்று ஹீரோவுக்கு எப்படித் தெரியும்?

தன் உடையைக் கண்டுபிடிக்க நாளாகும். காந்தி லண்டனில் கோட்டும் சூட்டும் போட்டவர். கதர் வாங்கக்கூடக் காசில்லாத ஜனங்களைப் பார்த்து, மதுரை மேலமாசி வீதியில் 1921 செப்டம்பர் 22 அன்று அரையாடைக்கு மாறினார். அப்போது அவருக்கு 52 முடியப் பத்து நாள் பாக்கி! நமக்குப் பத்தொன்பதுதானே, அவசரமில்லை.

அடுத்தவன் முடிவு செய்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2014 ஜூலையில் வேட்டி கட்டிப்போன ஓர் உயர்நீதிமன்ற நீதிபதியையே சேப்பாக்கத்தில் ஒரு கிரிக்கெட் கிளப் உள்ளே விடவில்லை. அடுத்த மாதமே சட்டசபையில் சட்டம் வந்தது. வேட்டிக்குத் தடை போட்டால் ஓராண்டு சிறை, 25,000 ரூபாய் அபராதம். வேட்டிக்காகச் சட்டம் வந்த ஊரில், பொங்கல் விழா அன்று மட்டும் வெல்க்ரோ ஒட்டிய வேட்டியில் செல்ஃபி எடுக்கிறோம்! சரி, அது கிடக்கட்டும்.

இப்போது எனக்குத் துணி தைப்பவர் எங்கள் தெரு முனையில் இருக்கும் பெரியவர். அரைக்கைச் சட்டைக்கு இரண்டு மீட்டர் பருத்தி. ரெடிமேடை விடச் சில சமயம் நூறு ரூபாய் கூடும். ஆனால் உழைக்கும். "தோள்பட்டை சரியா உட்காரணும் தம்பி. அது கோணலாச்சுன்னா எவ்வளவு விலைத் துணியும் இரவல் சட்டை மாதிரிதான்" என்பார். 'இரவல்' என்றதும் எனக்கு டிராஃப்டர் ஞாபகம் வந்துவிடும். கேம்பஸ் இன்டர்வியூவுக்கும் அவர் தைத்த வெளிர்நீலச் சட்டையில்தான் போகப்போகிறேன். டை கிடையாது.

போன தீபாவளிக்கு, இன்டர்ன்ஷிப்பில் கிடைத்த பணத்தில் அப்பாவை அவரிடம் கூட்டிப்போனேன். அதுவரை யாரும் அவருக்கு அளவெடுத்ததில்லையாம். வாங்கியதெல்லாம் பிளாட்பாரச் சட்டைகள். நாடா மார்பைச் சுற்றி வந்ததும் மூச்சை அடக்கி விறைப்பாக நின்றார்.

"மூச்சு விடுங்க சார், சும்மா நில்லுங்க" என்றார் டெய்லர்.