மரணத்தைக் கணிக்கும் கணினி: தரவுகளில் மறைந்திருக்கும் சாதி

கொரோனா பெருந்தொற்று உலகை முடக்கியிருந்த 2020 மே மாதத்தில், சீனாவின் வூகான் நகரிலிருந்து ஓர் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. அந்நகரின் டோங்ஜி மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 485 நோயாளிகளின் இரத்தப் பரிசோதனை விவரங்களை இயந்திரக் கற்றல் முறையில் ஆராய்ந்தவர்கள் அதை எழுதியிருந்தனர். மூன்றே மூன்று இரத்த அளவுகளைக் கொண்டு, ஒருவர் பிழைப்பாரா இறப்பாரா என்பதைப் பத்து நாட்களுக்கு முன்பே 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட துல்லியத்துடன் கணித்துவிடலாம் என்பது அவர்களின் முடிவு. நெதர்லாந்து, பிரான்சு, நியூயார்க் ஆகிய இடங்களின் ஆய்வாளர்கள் அதே கணிப்பு முறையைத் தங்கள் நோயாளிகளிடம் சோதித்தபோது அந்தத் துல்லியம் கிடைக்கவில்லை.

இது ஒரு தனித்த தோல்வி அன்று. கொரோனா நோயாளிகளுக்காக உருவாக்கப்பட்ட கணிப்பு முறைகளைத் தொடர்ந்து மதிப்பிட்டுவந்த ஓர் ஆய்வுக் குழு, பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இதழில் 232 முறைகளை ஆராய்ந்தது. ஏறத்தாழ அனைத்துமே ஒருசார்புப் பிழைக்கு இடம் தருபவை. மேலும் சோதித்துப் பார்க்கத் தகுந்தவை இரண்டே என்று அக்குழு கூறியது. நுரையீரல் படங்களை வைத்துக் கணிக்கும் 62 ஆய்வுகளை 2021இல் பரிசீலித்த மற்றொரு குழு, அவற்றுள் ஒன்றுகூட மருத்துவப் பயன்பாட்டுக்கு உகந்ததன்று என்றது. சில ஆய்வுகளில் கொரோனா இல்லாதவர்களின் படங்கள் என்று கணினிக்குக் காட்டப்பட்டவை சின்னஞ்சிறு குழந்தைகளின் படங்கள். அத்தகைய கணினி, நோயைக் கண்டறிவதற்குப் பதிலாகக் குழந்தைக்கும் பெரியவருக்கும் உள்ள வேறுபாட்டைக் கற்றுக்கொண்டிருக்கக்கூடும்.

இவையெல்லாம் மருத்துவர்களும் கணினி வல்லுநர்களும் பேசித் தீர்க்க வேண்டிய செய்திகள், சாதி ஒழிப்புக் களத்தில் நிற்கும் நமக்கு இதில் என்ன வேலை என்று தோழர்கள் கேட்கக்கூடும். நமக்கு வேலை இருக்கிறது. படுக்கைகள் குறைவாகவும் நோயாளிகள் மிகுதியாகவும் இருக்கும்போது, யாருக்குத் தீவிர சிகிச்சை, யாருக்குக் காத்திருப்பு என்பதை முடிவு செய்ய உதவும் கருவியாகவே இக்கணிப்புகள் முன்வைக்கப்படுகின்றன. இந்த நாட்டில் வரிசையில் கடைசியாக நிறுத்தப்படுவது யார் என்பதை நாம் விளக்கத் தேவையில்லை.

இயந்திரக் கற்றல் என்பது கடந்த காலத்தைப் படித்து எதிர்காலத்தைச் சொல்வது. முன்பு வந்த நோயாளிகளின் வயது, உயிர்வளி அளவு, இரத்தப் பரிசோதனை விவரங்கள், அவர்கள் பிழைத்தார்களா இறந்தார்களா என்ற முடிவு ஆகியவற்றைக் கணினிக்குக் கொடுக்கிறார்கள். அது அவற்றுக்கிடையேயான தொடர்புகளைக் கண்டறிந்து, புதிய நோயாளிக்குப் பொருத்துகிறது. ஒருவர் ஏன் இறந்தார் என்பது அதற்குத் தெரியாது. நோய் முற்றியதால் இறந்தவரும், படுக்கை கிடைக்காமல் இறந்தவரும் அதன் பார்வையில் ஒன்றே.

ஒரு தூய்மைப் பணியாளரை எண்ணிப் பார்ப்போம். காய்ச்சல் கண்ட முதல் நாளே மருத்துவமனைக்குச் சென்றால் அன்றைய கூலி போய்விடும். எனவே மூச்சுத் திணறல் வந்த பிறகே செல்கிறார். அவருடைய அளவுகள் மோசமாக இருக்கின்றன; சிகிச்சை தாமதமாகிறது; இறந்துபோகிறார். இப்படிப் பல இறப்புகளைப் படித்த கணினி, அவரைப் போன்ற அடுத்தவரைப் பிழைக்கும் வாய்ப்பு குறைந்தவர் என்று கணிக்கும். அந்தக் கணிப்பை நம்பி அவருக்குப் படுக்கை மறுக்கப்பட்டால் அவரும் இறப்பார், கணிப்பும் மெய்யாகிவிடும். புறக்கணிப்பின் வரலாறு அறிவியலின் முடிவாக உருமாறுவது இவ்வாறுதான். மருத்துவமனையை எட்டாமலேயே இறந்தவர்களோ அந்தத் தரவுகளில் இடம்பெறுவதே இல்லை.

இது வெறும் ஊகமன்று. அமெரிக்க மருத்துவமனைகளில் பரவலாகப் பயன்படுத்தப்பட்ட ஒரு கணிப்பு முறையைப் பற்றிய ஆய்வு 2019 அக்டோபரில் சயின்ஸ் இதழில் வெளியானது. யாருக்குக் கூடுதல் பராமரிப்பு தேவை என்பதைக் கணிக்க வேண்டிய அம்முறை, நோயின் கடுமையை அளப்பதற்குப் பதிலாக மருத்துவச் செலவை அளந்தது. கருப்பின மக்களுக்குச் சிகிச்சை குறைவாகக் கிடைத்ததால் செலவும் குறைவு. ஆகவே அவர்களுக்கு நோயும் குறைவு என்று கணினி முடிவு கட்டியது. இப்பிழையைக் களைந்தால், கூடுதல் பராமரிப்புக்குத் தேர்வாவோரில் கருப்பினத்தவரின் பங்கு 17.7 விழுக்காட்டிலிருந்து 46.5 விழுக்காடாக உயரும் என்று ஆய்வாளர்கள் காட்டினர். அந்தக் கணினிக்கு நோயாளியின் இனம் சொல்லப்படவே இல்லை என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது.

கருவிகளும் நடுநிலையானவை அல்ல. விரலில் மாட்டி உயிர்வளியை அளக்கும் ஆக்சிமீட்டர், உண்மையில் ஆபத்தான அளவில் உயிர்வளி குறைந்திருந்தும் அதைக் காட்டத் தவறியது வெள்ளையரிடம் 3.6 விழுக்காடு, கருப்பினத்தவரிடம் 11.7 விழுக்காடு என்று 2020 டிசம்பரில் ஓர் அமெரிக்க ஆய்வு வெளிப்படுத்தியது. கொரோனா இறப்பைக் கணிக்கும் முறைகளுள் பெயர்பெற்றதான பிரிட்டனின் 4சி அளவுகோலிலும் இந்த உயிர்வளி அளவு ஓர் உள்ளீடு.

இந்த அநீதிகள் அங்கே வெளிச்சத்துக்கு வந்தது எப்படி? நோயாளிகளின் இனம் பதிவு செய்யப்பட்டிருந்தது, ஒப்பிட முடிந்தது. இங்கே நிலைமை வேறு. பெருந்தொற்றுக் காலத்தில் தமிழ்நாடு அரசு நாள்தோறும் வெளியிட்ட அறிக்கையில், இறந்தவரின் வயது, பாலினம், ஊர், இணை நோய்கள் இருந்தன, சாதி இல்லை. தலித் பெண்களின் சராசரி இறப்பு வயது 39.5 என்றும், உயர்சாதிப் பெண்களுக்கு அது 54.1 என்றும் ஐ.நா. பெண்கள் அமைப்பு 2018இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. இத்தகைய இடைவெளி நிலவும் நாட்டில், சாதியைக் கேட்காத தரவு சாதியற்ற தரவு ஆகிவிடாது. முகவரி, தொழில், எடை, இரத்த சோகை, மருத்துவமனைக்கு வந்த நாள் ஆகிய ஒவ்வொன்றின் வழியாகவும் சாதி கணினிக்குள் நுழைகிறது. வெளியே நிற்கும் நமக்கு மட்டும் அது தெரிவதில்லை.

அப்படியானால் ஒவ்வொரு நோயாளியின் சாதியையும் கணினியில் ஏற்றிவிடலாமா? கூடாது என்பதே நம் நிலைப்பாடு. சிறுநீரகச் செயல்பாட்டை மதிப்பிடும் சூத்திரத்தில் இனம் ஓர் உள்ளீடாக இருந்ததால், கருப்பினத்தவரின் சிறுநீரகம் சுமார் 16 விழுக்காடு கூடுதலாக இயங்குவதாகக் கணக்கிடப்பட்டது. மாற்று உறுப்புக்கான பட்டியலில் அவர்கள் இடம்பெறுவது இதனால் தாமதமானது. 2021இல்தான் இனத்தை நீக்கிய சூத்திரம் அங்கே பரிந்துரைக்கப்பட்டது. எனவே படுக்கையருகே எடுக்கும் முடிவில் சாதி இருக்கக் கூடாது. அம்முடிவுகள் நியாயமானவையா என்று பின்னர் தணிக்கை செய்வதில் சாதி கட்டாயம் இருக்க வேண்டும். பெயரும் அடையாளமும் நீக்கப்பட்டு, தனியாகப் பாதுகாக்கப்படும் தரவாக அது இருந்தால் போதும். 2025 ஏப்ரலில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புக்கொண்ட சாதிவாரிக் கணக்கெடுப்பு, இத்தணிக்கைக்கான அடித்தளமாக அமைய முடியும்.

சட்டம் நமக்கு என்ன தருகிறது? ரயிலிலிருந்து விழுந்து படுகாயமடைந்த ஒருவரைப் படுக்கை இல்லை முதலான காரணங்களைச் சொல்லி அரசு மருத்துவமனைகள் திருப்பி அனுப்பின. அவர் மேற்கு வங்க விவசாயத் தொழிலாளர் அமைப்பின் உறுப்பினர். 1996இல் அவ்வழக்கில், உரிய நேரத்தில் சிகிச்சையளிக்கத் தவறுவது அரசமைப்பின் 21ஆவது கூறை மீறுவதாகும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம், மருத்துவமனைக்குள் நுழையவிடாமல் தடுப்பதையும் குற்றமாக்கியது. ஆனால் அச்சட்டம் ஒரு மனிதரையே குற்றவாளியாகக் காண்கிறது. கணினியைக் கூண்டில் நிறுத்த முடியாது. நான் கணினி சொன்னபடி செய்தேன் என்று மருத்துவர் ஒதுங்கிக்கொள்வார். முற்றிலும் தானியங்கி முடிவுகளுக்கு ஆட்படாதிருக்கும் உரிமையை ஐரோப்பியத் தரவுச் சட்டத்தின் 22ஆவது பிரிவு சில விலக்குகளுடன் வழங்குகிறது. நமது 2023ஆம் ஆண்டு தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அதற்கு இணையான பிரிவும் இல்லை. மருத்துவத் தரவுகளுக்கெனத் தனிப் பாதுகாப்பும் இல்லை.

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. எந்தக் கணிப்பு முறையும் இம்மண்ணின் அரசு மருத்துவமனை நோயாளிகளிடம் சோதிக்கப்படாமல் பயன்பாட்டுக்கு வரக் கூடாது. சாதி, பாலினம், வட்டாரம் வாரியான தணிக்கை முடிவுகள் பொதுவில் வெளியிடப்பட வேண்டும். தன் சிகிச்சையில் கணினியின் பங்கு என்ன என்று அறியும் உரிமை நோயாளிக்கு வேண்டும். இறுதி முடிவுக்கு ஒரு மருத்துவர் எழுத்துப்பூர்வமாகப் பொறுப்பேற்க வேண்டும். ஆபத்து மிகுந்தவர் என்று கணிக்கப்பட்டவருக்குக் கூடுதல் கவனிப்பு அளிக்க மட்டுமே கணிப்பு பயன்பட வேண்டும். சிகிச்சையை மறுக்க ஒருபோதும் பயன்படக் கூடாது.

நாம் அறிவியலுக்கு எதிரானவர்கள் அல்லர். நேற்று மூச்சுத் திணறலோடு வந்து இறந்த தூய்மைப் பணியாளரின் இறப்பைப் பார்த்து, இன்று வருபவரை இன்னும் விரைவாகக் கவனியுங்கள் என்று சொல்லவும் அதே கணினியால் முடியும். அதை எப்படிச் சொல்ல வைப்பது என்ற முடிவு எடுக்கப்படும் அறைகளில் இன்று நாம் இல்லை. புள்ளியியலும் கணினி அறிவியலும் படிக்கும் நம் மாணவர்கள் அந்த அறைகளுக்குள் செல்ல வேண்டும். சட்டம் படித்தவர்கள் அவற்றின் கதவைத் திறக்கச் சொல்லி வழக்காட வேண்டும்.